சான்றிதழ் கூடினால் நாடு வளருமா? பீண்யா கணக்கு, ஐ.டி.ஐ. கணக்கு

மார்ச் 3, இரவு 9.40 | தாசரஹள்ளி

2015 தேசியத் திறன் மேம்பாட்டுக் கொள்கையில் ஒரு ஒப்பீடு வரும். முறையான தொழிற்பயிற்சி பெற்ற தொழிலாளர்கள் இந்தியாவில் 4.69 சதவீதம், ஜெர்மனியில் 75, ஜப்பானில் 80, தென் கொரியாவில் 96. இந்த ஒரு எண்ணை உயர்த்திவிட்டால் வளர்ச்சி தன்னால் வரும் என்பது என் கட்சி. ஊருக்கு ஒரு ஐ.டி.ஐ. (தொழிற்பயிற்சி நிலையம்), ஆளுக்கு ஒரு சான்றிதழ். ஆனால் ஒன்று புரியவில்லை. பெங்களூருவின் தொழிற்பேட்டைகளான பீண்யாவிலும் பொம்மசந்திராவிலும் வாசலுக்கு வாசல் 'ஆள் தேவை' போர்டு தொங்குகிறது. அதே தெருவில் ஐ.டி.ஐ. முடித்த பையன்கள் பைக்கில் சாப்பாட்டுப் பார்சல் கொண்டு போகிறார்கள். இரண்டும் ஒரே ஊரில் எப்படி? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கிருஷ்ணகிரிப் பக்கம் பத்தாவது முடிக்கும் பையனுக்கு ஐ.டி.ஐ. ஃபிட்டரா, பாலிடெக்னிக் டிப்ளமோவா என்றும் சொன்னால் நல்லது.

மார்ச் 3, இரவு 11.15 | பீண்யா

முதலில் அந்த 4.69. அது சான்றிதழ் கையில் உள்ளவர்களின் எண்ணிக்கை. இருபது வருடமாக லேத் ஓட்டி, காதால் கேட்டே டூல் மழுங்கியதைச் சொல்லும் ஆள் பேப்பர் இல்லாவிட்டால் மிச்சமுள்ள 95-இல்தான் வருவார். கொரியாவின் 96 எதைச் சேர்த்து எண்ணியது, நம் 4.69 எதை விட்டு எண்ணியது என்று பார்க்காமல் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் தப்பான முடிவுக்குத்தான் வருவோம். பேப்பர் கொடுத்தால் எண் உயரும். பட்டறையில் ஓடும் வேலை உயராது.

உங்கள் கேள்விக்கு நேர் பதில்: போர்டில் கேட்கும் ஆளும் பைக்கில் போகும் ஆளும் ஒரே ஆள் இல்லை. போர்டு தேடுவது செட்டரை, அதாவது புது வேலைக்கு டூலும் அளவும் பொருத்தி மெஷினைத் தயார் செய்பவரை. பையன் படித்து வந்தது, தயாரான மெஷினை ஓட்டும் ஆபரேட்டர் வேலைக்குக்கூடப் பத்தாது. நடுவில் உள்ள பள்ளம் மெஷினில் கை வைத்த மணிநேரம். நாளை விரிவாக எழுதுகிறேன்.

மார்ச் 4, காலை 6.50 | பீண்யா

மணிநேரக் கணக்கு. 2022-இல் திருத்திய ஐ.டி.ஐ. பாடத்திட்டத்தில் ஆண்டுக்கு 1,200 மணி. அதில் முதல் ஆண்டு செய்முறை 840, தொழிற்பாடம் 240, மீதி வேலைவாய்ப்புத் திறன். ஒரு யூனிட்டில், அதாவது ஒரு வகுப்பில், 20 பேர். சி.என்.சி. (கணினி வழி இயங்கும்) மெஷின் ஒன்றே ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். அந்த 840 மணியும் வேறெதுவும் செய்யாமல் அந்த மெஷினிலேயே முறை போட்டு நின்றாலும் ஆளுக்கு 42 மணி. வாரம் ஆறு நாள் வேலை பார்க்கும் பட்டறையில் அது ஒரு வாரம்கூட இல்லை. உண்மையில் சி.என்.சி.க்கு ஒதுக்கும் வாரங்கள் மிகக் குறைவு. பவர்கட், ரிப்பேர், பயிற்றுநர் காலியிடம் எல்லாம் கழித்தால் பல பையன்கள் கன்ட்ரோல் பேனலைத் தொடாமலே முடிக்கிறார்கள்.

ஜெர்மனியில் தொழில் இயந்திர மெக்கானிக் பயிற்சி மூன்றரை ஆண்டு. வாரத்தில் மூன்று நான்கு நாள் கம்பெனியில், மீதி பள்ளியில். தேர்வை நடத்துவது அந்தப் பள்ளி இல்லை, தொழில் வணிக மன்றம். நாளைக்கு வேலை கொடுக்கப்போகும் ஆட்களும் மேசையின் அந்தப் பக்கம் உட்கார்ந்து மதிப்பெண் போடுகிறார்கள். அந்தச் சான்றிதழ் செல்லுபடியாவது இதனால்தான். 1969-இல் அவர்கள் போட்ட தொழிற்பயிற்சிச் சட்டம் இதையெல்லாம் ஒரே இடத்தில் கட்டி வைத்தது.

மார்ச் 4, மதியம் 1.30 | தாசரஹள்ளி

சரி அண்ணா. மணிநேரம் கூடினால் நாட்டுக்கு என்ன கிடைக்கும்? வளர்ச்சி என்று சொல்ல ஒரு கணக்கு வேண்டாமா?

மார்ச் 4, இரவு 10.05 | பீண்யா

ஒரு வி.எம்.சி. மெஷினை, அதாவது சி.என்.சி. மில்லிங் மெஷினை எடுத்துக்கொள்வோம். மெஷின் மணிக்கு 500 ரூபாய் என்று வையுங்கள், உதாரணத்துக்குத்தான். ஷிஃப்டுக்கு ஒரு செட்டிங் மாறுகிறது, இரண்டு ஷிஃப்ட். தெரிந்த செட்டர், ஜாபை (வெட்டப்போகும் துண்டை) பிடிக்கும் வைஸை டயல் கேஜ் வைத்து 100 மி.மீ. நீளத்துக்கு 0.02 மி.மீ.க்குள் நேராக்கி, ஜாபின் தொடக்கப் புள்ளியை (ஜி54) எடுத்து, ஐந்தாறு டூலின் நீளத்தை மெஷினில் ஆஃப்செட்டாகப் பதிந்து, முதல் பீஸ் பாஸ் ஆக 45 நிமிடம். தெரியாதவருக்கு இரண்டு மணி. வித்தியாசம் ஒன்றேகால் மணி. இரண்டு ஷிஃப்ட், 25 நாள்: 62.5 மணி. மாதம் 31,250 ரூபாய், ஒரே மெஷினில். புது மெஷின் வாங்கவில்லை, கரன்ட் கனெக்‌ஷன் கூட்டவில்லை, கடன் வாங்கவில்லை. பொருளாதார வல்லுநர்கள் உற்பத்தித்திறன் என்று சொல்வது பட்டறையில் இப்படித்தான் வரும்.

இதில் ஸ்கிராப் சேரவில்லை. இன்னும் மோசமானது மெஷின் அடிபடுவது. மெஷினை இயக்கும் ஃபேனக் கன்ட்ரோலில் பொதுவான செட்டிங்கில் தசமப் புள்ளி விட்டுப்போனால் எண்ணை மைக்ரானில் எடுத்துக்கொள்ளும். 'இசட்100.' என்று புள்ளியோடு அடித்தால் டூல் 100 மி.மீ. உயரம் போகும். புள்ளி இல்லாமல் 'இசட்100' என்றால் 0.1 மி.மீ. உயரத்திலேயே நிற்கும். டூல் மேலே போய்விட்டது என்ற நினைப்பில் அடுத்த வரியில் எக்ஸ் திசையில் ரேபிடில், அதாவது முழு வேகத்தில், விட்டால் ஜாபைப் பிடித்திருக்கும் கிளாம்பில் போய் இடிக்கும். டூல் ஹோல்டர் போகும், அதிர்ஷ்டம் இல்லாவிட்டால் ஸ்பிண்டில் பேரிங்கும் போகும். இன்னொன்று, டூல் மாற்றிவிட்டு எச் எண்ணை (எந்த டூலின் நீளத்தை எடுப்பது என்று சொல்லும் எண்) மாற்றாமல் விடுவது. நீளத்தை எடுக்கச் சொல்லும் ஜி43 கட்டளைக்குப் பக்கத்தில் பழைய டூலின் எச் இருந்தால், புது டூல் எவ்வளவு கூடுதல் நீளமோ அவ்வளவு ஜாபுக்குள் இறங்கும். இதைப் போர்டில் எழுதிப்போட்டால் மனதில் நிற்காது. சிங்கிள் பிளாக்கில் ஒவ்வொரு வரியாக, ரேபிட் வேகத்தைக் குறைத்து, போக வேண்டிய மீதித் தூரத்தைக் காட்டும் 'டிஸ்டன்ஸ் டு கோ' பக்கத்தைப் பார்த்துக்கொண்டே முதல் பீஸ் ஓட்டுகிற பழக்கம் கையில் ஏற வேண்டும். பழக்கம் ஏற ஒரே வழி திரும்பத் திரும்பச் செய்வதுதான்.

மார்ச் 5, இரவு 8.20 | ஜிகணி வெல்டிங்

சி.என்.சி. இருக்கட்டும், எளிய வெல்டிங்கைப் பாருங்கள். வெல்டர் ஓராண்டுப் படிப்பு. 3.15 மி.மீ. ராடு, 350 மி.மீ. நீளம், ஈ6013 வகை. ஒன்று எரிய 110 ஆம்பியரில் சுமார் ஒரு நிமிடம். கிலோவுக்கு 33 ராடு போல வரும். ஒரு பையன் நாளுக்கு 20 ராடு எரித்தால் ஆர்க் எரியும் நேரம் இருபது நிமிடம். அதுவே குறைச்சல். 20 பையன் என்றால் நாளுக்கு 400 ராடு, 12 கிலோ. 200 நாளுக்கு 2,400 கிலோ. கூடவே பிளேட் வெட்டிக் கொடுக்க வேண்டும். இந்த அளவு பொருளை எத்தனை நிறுவனம் வாங்குகிறது? பல இடத்தில் பயிற்றுநர் ஒருவர் இரண்டு ராடு எரித்துக் காட்டுவார், சுற்றி நின்று பார்ப்பார்கள். பார்த்துக் கற்கிற தொழில் இல்லை இது.

3ஜி, அதாவது செங்குத்தாக நிற்கும் தட்டில், ரூட் (இணைப்பின் அடியில் போடும் முதல் வெல்ட்) போடுவதில்தான் பையன்கள் தோற்கிறார்கள். 10 மி.மீ. பிளேட், சரிவாக வெட்டிய வாய் மொத்தம் 60 டிகிரி, அடியில் வெட்டாமல் விடும் விளிம்பு (ரூட் ஃபேஸ்) 1.5, இடைவெளி 2.5 முதல் 3 மி.மீ. இடைவெளி குறைந்தால் அடிவரை உருகாது, வளைத்துப் பார்க்கும் சோதனையில் அடியிலேயே பிளக்கும். கூடினால் ஓட்டை விழும். தட்டுகளைப் பிடித்து நிறுத்தப் போட்ட டேக் வெல்டைச் சாணையில் இறக்காமல் மேலே ஓட்டினால் அங்கே ஸ்லாக் (கசடு) மாட்டும். ஈ7018 வகை ராடைத் திறந்தபடி மழைக்காலத்தில் வைத்துவிட்டு அப்படியே எரித்தால் துளைத்துளையாக வரும், ஹைட்ரஜன் விரிசலும் வரலாம். அதை 300 முதல் 350 டிகிரியில் ஒரு மணி நேரமாவது சுட வேண்டும். ராடு அடுப்பு இல்லாத வெல்டிங் ஷாப்பில் எதைப் பழகுவது?

மார்ச் 5, இரவு 9.10 | பீண்யா

ஜிகணி அண்ணா சொன்ன 2,400 கிலோதான் என் கணக்கில் விட்டுப்போன பாதி. நேற்று மெஷின் இல்லாததை மட்டும் எழுதினேன். மெஷின் வாங்க நிதி வரும், படத்தோடு திறப்பு விழா நடக்கும். ராடு, அரம், ஹேக்ஸா பிளேடு, டிரில் பிட், எம்.எஸ். பிளாட், கூலன்ட் எண்ணெய் வருடா வருடம் வாங்க வேண்டும். அதற்கு விழா கிடையாது. கர்நாடகத்தில் 150 அரசு ஐ.டி.ஐ.களை டாடா டெக்னாலஜீஸோடு சேர்ந்து புதுப்பித்தார்கள். தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.களுக்கும் அதே போல '4.0' என்ற பெயரில் நவீனப் பயிற்சி மையம் வந்தது. நல்ல காரியம், நான் முழுதாக வரவேற்கிறேன். இந்த மெஷின்களுக்கு மூன்றாம் வருடத்தில் இன்சர்ட்டும் (மாற்றிப்போடும் வெட்டுமுனை) கூலன்ட்டும் யார் வாங்கித் தருகிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் அவை நிற்கும்.

ஃபிட்டர் பக்கம் ஒரு உதாரணம். 8 மி.மீ. மரை வெட்டும் எம்8 டேப்புக்கு முதலில் 6.8 மி.மீ. டிரில் போட வேண்டும். 6.8 மழுங்கிவிட்டது, ஸ்டோரில் வேறில்லை, 6.5 போடு என்பார்கள். 6.8 துளையில் மரை ஆழம் 74 சதவீதம். 6.5-இல் 92-க்குப் போய்விடும். டேப் இறுகும், பையன் அழுத்துவான், உடையும். உடைந்தது டேப் என்றாலும் பையன் மனதில் பதிவது 'நமக்கு இந்த வேலை வராது' என்பது. டிரில் பிட்டைச் சாணை பிடிக்கக் கற்றுத்தராததும் இதே வகை. 118 டிகிரி முனையில் இரண்டு உதடும் சமமாக இல்லாவிட்டால் 10 மி.மீ. பிட் 10-க்கு மேலேயே துளை போடும். அந்தப் பையனிடம் 20 மி.மீ. எச்7 துளைக்கு ஜி6 ஷாஃப்ட் கேட்டால் எப்படி வரும்? எச்7, ஜி6 என்பவை அளவு எவ்வளவு மாறலாம் என்று சொல்லும் குறிகள்: துளைக்கு இடம் 21 மைக்ரான், ஷாஃப்ட்டுக்கு 13.

மார்ச் 6, காலை 7.15 | தாசரஹள்ளி

அப்படியானால் பெங்களூரு எப்படி வளர்ந்தது? இங்கே ஆதியிலிருந்து நல்ல கைகள் இருந்தன என்கிறார்களே.

மார்ச் 6, இரவு 10.40 | பீண்யா

இதைத்தான் நிதானமாகச் சொல்ல வேண்டும், எனக்கு மிக முக்கியமாகத் தோன்றும் பகுதி இது.

எச்.ஏ.எல். விமான ஆலை 1940. ஐ.டி.ஐ. டெலிபோன் ஆலை (பயிற்சி ஐ.டி.ஐ. வேறு) 1948. மைகோ, இன்றைய பாஷ், 1951. மெஷின் தயாரிக்கும் எச்.எம்.டி. 1953, ஸ்விட்சர்லாந்தின் ஓர்லிகான் துணையோடு. பி.இ.எல். மின்னணு ஆலை 1954. இவை ஒவ்வொன்றும் தனக்கு வேண்டிய ஆளைத் தானே தயார் செய்தது. அப்போது சந்தையில் வாங்க ஆள் இல்லை. அப்ரென்டிஸ் (தொழில் பழகுநர்) சட்டம் 1961-இல் வந்தது. மைகோவின் பயிற்சி மையமும் அதே 1961. ஃபோர்மன் பயிற்சி நிறுவனம் 1971-இல் ஜெர்மன் உதவியோடு, கருவிக்கூடப் பயிற்சி மையமான ஜி.டி.டி.சி. 1972-இல் டென்மார்க் உதவியோடு ராஜாஜி நகரில். கேரளத்தின் நெட்டூரில் 1959-இல் ஸ்விஸ் உதவியில் தொடங்கிய என்.டி.டி.எஃப். பயிற்சி நிறுவனம் பிறகு தலைமையிடத்தை இங்கேயே கொண்டுவந்தது. அதில் வடார்க்காடு, தர்மபுரிப் பக்கத்திலிருந்து வந்து படித்த தமிழ்ப் பையன்கள் எத்தனையோ பேர்.

இந்த இடங்களில் முதல் ஆறு மாதம் அரமும் வைஸும் மட்டும் என்ற ஒழுங்கு இருந்தது. பிறகு லேத், மில்லிங், சர்ஃபேஸ் கிரைண்டர், அதன் பிறகுதான் டை என்னும் அச்சு செய்யும் வேலை. ஜி.டி.டி.சி.யின் டூல் அண்ட் டை டிப்ளமோ இன்றும் மூன்று ஆண்டு உள்ளே, ஓராண்டு கம்பெனியில். இப்படி வந்தவர்கள் பெரிய ஆலையில் சில வருடம் இருந்துவிட்டு, சேமிப்பில் ஒரு பழைய லேத் வாங்கி பீண்யாவில் ஷெட் போட்டார்கள். பழைய முதலாளியே முதல் ஆர்டர் கொடுத்தார், அவர்கள் கை அவருக்குத் தெரியும். பொதுத்துறை செலவழித்துக் கற்றுக்கொடுத்தது, சின்னப் பட்டறைகள் அறுவடை செய்தன. 90களுக்குப் பிறகு பொதுத்துறை ஆள் எடுப்பது சுருங்கியதும் ஊற்றுக்கண் அடைபட்டது. பட்டறைகள் பெருகிக்கொண்டே இருந்தன.

மார்ச் 7, காலை 6.30 | பீண்யா

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். 'முதல் ஆறு மாதம் அரம் மட்டும்' என்பது எல்லா இடத்துக்கும் பொருந்தாது, தொழிலைப் பொறுத்து மாறும். ஆனால் கை வேலை முதலில், மெஷின் பிறகு என்ற வரிசை பொது. காரணம் உண்டு. அரம் ஆடினால் பரப்பு நடுவில் மேடாக வரும், டிரை ஸ்கொயர் வைத்து வெளிச்சத்தில் பார்த்தால் ஓரங்களில் கீற்றாக ஒளி தெரியும். அந்தக் கீற்றைப் பார்க்கக் கற்ற கண்தான் பிறகு மெஷினில் வந்த பீஸையும் சந்தேகப்படும்.

மார்ச் 7, இரவு 9.00 | ஜிகணி வெல்டிங்

சின்னப் பட்டறை ஏன் கற்றுக்கொடுப்பதில்லை என்பதை யாரும் சொல்லவில்லையே. கற்றுக்கொண்டவுடன் பக்கத்து ஷெட் ஆயிரம் ரூபாய் கூடக் கொடுத்து இழுத்துக்கொள்கிறது.

மார்ச் 7, இரவு 11.20 | பீண்யா

ஆமாம், அதுதான் முடிச்சு. முதல் மூன்று மாதம் பையனுக்காக செட்டரின் நேரம் தினம் ஒரு மணி போகும். 75 மணி. அந்தச் செலவு என்னுடையது, பலன் பக்கத்து ஷெட்டுக்கு. எல்லோரும் இப்படி நினைத்தால் யாரும் கற்றுக்கொடுக்க மாட்டார்கள், எல்லோருக்கும் ஆள் இருக்காது. ஒரு முதலாளியின் நல்ல மனதால் இது தீராது.

மற்ற நாடுகள் இந்த முடிச்சை நிதியால் அவிழ்த்தன. பிரேசிலில் 1942 முதல் செனாய் என்ற அமைப்பு. தொழிற்சாலைகள் சம்பளத் தொகையில் 1 சதவீதம் செலுத்தும், அந்தப் பணத்தில் தொழில் அமைப்புகளே பள்ளி நடத்தும். இன்றைய அதிபர் லூலா லேத் படித்தது அங்கேதான். கொரியா 1967-இல் தொழிற்பயிற்சிச் சட்டம் போட்டது, 1976-இல் 300 பேருக்கு மேல் உள்ள ஆலை பயிற்சி கொடு அல்லது பணம் கட்டு என்றது. அடுத்த வருடமே, 1977-இல், நெதர்லாந்தின் உட்ரெக்ட்டில் நடந்த உலகத் திறன் போட்டியில் முதல் முறையாக முதலிடம். அதை அந்த ஒரு சட்டத்தின் கணக்கில் எழுதக்கூடாது, பத்து வருடத் தயாரிப்பு அது. பின்னால் பல ஆலைகள் பயிற்சிக்குப் பதில் பணம் கட்டுவதையே வசதியாக எடுத்துக்கொண்டன என்பதும் அதே கொரியாவின் பாடம்.

இங்கே சட்டம் 30 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனத்துக்கு அப்ரென்டிஸ் கட்டாயம் என்கிறது, மொத்த ஆளில் 2.5 முதல் 10 சதவீதம். 4 முதல் 29 பேர் வரை விருப்பம். பீண்யாவின் பெரும்பாலான ஷெட்கள் இந்த விருப்பப் பக்கத்தில்தான் நிற்கின்றன. 2016-இல் வந்த நாப்ஸ் (தேசிய அப்ரென்டிஸ் ஊக்குவிப்பு) திட்டத்தில் உதவித்தொகையில் 25 சதவீதம், அதிகபட்சம் மாதம் 1,500 ரூபாய் அரசு ஏற்கும். அந்த 75 மணிக்கு இது ஈடாகாது, இருந்தாலும் விட்டுவிடக்கூடாத பணம்.

மார்ச் 8, காலை 8.10 | பீண்யா

திருத்தம்: 10 சதவீதம் 2014 சட்டத்திருத்தத்தை ஒட்டி வந்த வரம்பு. 2019 விதித் திருத்தத்தில் உச்சவரம்பு 15. அதே 2019 விதியில் ஐ.டி.ஐ. முடித்த அப்ரென்டிஸுக்குக் குறைந்தபட்சம் மாதம் 7,000, இரண்டாம் ஆண்டு 10 சதவீதம் கூடுதல் என்று வைத்தார்கள்.

ஒரு எச்சரிக்கையும் சேர்க்கிறேன். அப்ரென்டிஸ் என்பவர் சட்டப்படி தொழிலாளி இல்லை. அதனால்தான் சில இடங்களில் அப்ரென்டிஸ் என்ற பெயரில் முழு ஷிஃப்ட் உற்பத்தி வாங்குகிறார்கள், ஒரே பிரஸ்ஸில் ஒரே பீஸ், வருடம் முழுக்க. அது பயிற்சியே இல்லை. ஒப்பந்தம் அரசின் அப்ரென்டிஸ் போர்ட்டலில் பதிவாகியிருக்கிறதா என்று பையனே பார்க்க வேண்டும். விபத்து நடந்தால் இழப்பீட்டுப் பொறுப்பு முதலாளிக்கு உண்டு, சட்டத்தின் 16-ஆம் பிரிவு. ஒப்பந்தம் பதிவாகாவிட்டால் விரல் போன பிறகு அலைய வேண்டியிருக்கும்.

மார்ச் 8, இரவு 9.30 | தாசரஹள்ளி

என் முதல் பதிவை மாற்றிக்கொள்கிறேன், எண்ணை உயர்த்துவது மட்டும் போதாது. ஆனால் பயிற்சி நன்றாக இருந்தாலும் பையன்கள் வருவார்களா? சாப்பாட்டுப் பார்சல் வேலையில் முதல் மாதமே கையில் காசு.

மார்ச் 8, இரவு 11.00 | பீண்யா

இதே கேள்வியைக் கானாவை வைத்து கல்வி ஆய்வாளர் ஃபிலிப் ஃபாஸ்டர் 1965-இலேயே எழுப்பினார். தொழிற்பள்ளி திறந்தால் போதாது, மாணவர்கள் சம்பளத்தையும் வேலை வாய்ப்பையும் பார்த்துத்தான் படிப்பைத் தேர்கிறார்கள், அதில் அவர்கள் தெளிவாகவே இருக்கிறார்கள் என்றார். நம் ஊரில் இன்னும் அதே நிலை. மாதம் 31,250 மிச்சம் பிடித்துத் தரும் செட்டருக்கு அதில் ஒரு பங்கு போக வேண்டும். ஆபரேட்டர், செட்டர், புரோகிராமர் என்று படி இருந்து, ஒவ்வொரு படிக்கும் என்ன தெரிய வேண்டும், எவ்வளவு கிடைக்கும் என்று சுவரில் எழுதி ஒட்டிய பட்டறையில் பையன்கள் நிற்கிறார்கள். ஐந்து வருடம் வேலை பார்த்தவருக்கும் நேற்று வந்தவருக்கும் இரண்டாயிரம் வித்தியாசம் என்றால் பைக்தான் ஜெயிக்கும். பைக் எடுத்த பையனைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

மார்ச் 9, காலை 7.00 | பீண்யா

கிருஷ்ணகிரிப் பையனுக்கு. ஃபிட்டர் இரண்டு வருடம், பத்தாவது தேர்ச்சி போதும். அது முட்டுச்சந்து இல்லை. இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டு சேரலாம், மொழிப்பாடத் தேர்வு எழுதினால் பிளஸ் டூ இணைச் சான்றும் உண்டு. கையில் வேலை பிடிக்கும் பையன் என்றால் ஃபிட்டரில் தொடங்கி டிப்ளமோவுக்குப் போவது நல்ல பாதை. வரைபடமும் கணக்கும் பிடித்தால் ஜி.டி.டி.சி., என்.டி.டி.எஃப். வகை டூல் டிப்ளமோவுக்கு முயலட்டும்.

நிறுவனம் எது என்பதைவிட ஒருநாள் உள்ளே போய்ப் பாருங்கள். சேர்க்கைக் கவுன்டரில் நிற்காமல் நேராக ஒர்க்‌ஷாப்புக்கு. ஸ்கிராப் தொட்டியில் வெட்டி விழுந்த புது இரும்புச் சுருள் இருக்கிறதா, துருப்பிடித்த பழைய சுருளா. அரத்தின் பற்களில் இரும்புத்தூள் அடைத்திருக்கிறதா, புத்தம் புதிதாக எண்ணெயோடு அலமாரியில் இருக்கிறதா. கூலன்ட் டேங்க் நாறினால் மெஷின் ஓடி நாளாகிறது. சாணைக்கல் நடுவில் பள்ளம் விழுந்திருந்தால் யாரும் அதைத் தேய்த்துச் சமன் (டிரெஸ்) செய்வதில்லை. பையன்களின் ஜாப் பெட்டியைக் கேளுங்கள், இரண்டாம் ஆண்டு பையனிடம் பத்து பீஸாவது இருக்க வேண்டும், அதில் தப்பென்று அடித்துத் திருத்திய பீஸும் இருந்தால் இன்னும் நல்லது. கடைசியாக, பயிற்றுநர் சி.ஐ.டி.எஸ். (பயிற்றுநருக்கான படிப்பு) முடித்தவரா என்று கேளுங்கள்.

மார்ச் 9, இரவு 8.45 | ஜிகணி வெல்டிங்

வெல்டிங் ஷாப் இருந்தால் தரையில் கிடக்கும் ராடு துண்டுகளையும் பாருங்கள். 50 மி.மீ. அளவுக்கு எரித்துப் போட்டிருந்தால் பழகுகிறார்கள். பாதி ராடிலேயே வளைந்து கிடந்தால் ஒட்டிக்கொண்டு விட்டிருக்கிறது, ஆம்பியர் சரியாக வைக்கச் சொல்லித்தர ஆள் இல்லை. துண்டே இல்லை என்றால் வேறு இடம் பாருங்கள்.

மார்ச் 10, காலை 6.20 | தாசரஹள்ளி

சனிக்கிழமை இரண்டு இடம் போகிறோம், ஒன்று ஒசூர், ஒன்று இங்கே. இந்தப் பட்டியலைப் பையனையே எழுதிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 10, காலை 6.55 | பீண்யா

பத்து மணிக்கு மேல் போங்கள், செய்முறை நடக்கும் நேரமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பையனை ஷூ போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள். செருப்போடு உள்ளே விட்டால் அதையும் குறித்துக்கொள்ளட்டும்.